‘நீங்கள் உறுதியாக இருக்கிறீர்களா?’ – இது தமிழ்தானா?

(நால்வர் உரையாடல்; பேசுபவர்களின் பெயர்கள் புனைபெயர்கள்.)

பொத்தான்: செயலி ஒன்றைத் தமிழாக்குகிறோம். கோப்பை அழிக்கும்முன் ‘நீங்கள் உறுதியாக இருக்கிறீர்களா?’ என்று கேட்டு, கீழே ‘ஆம்’, ‘இல்லை’ வருகிறது. ஒட்டவில்லை. உறுதி, நிச்சயம், கண்டிப்பாக, கட்டாயம் நான்கில் எதைப் போடலாம்?

ஏகாரம்: நான்குமே வேண்டாம். ‘உறுதியாக இருக்கிறாள்’ என்றால் எடுத்த முடிவில் அசையாமல் நிற்கிறாள் என்று பொருள். ஒரு கோப்பை அழிப்பவரிடம் மனவுறுதியை ஏன் விசாரிக்க வேண்டும்? ‘இந்தக் கோப்பை அழித்துவிடலாமா?’ போதும். பொத்தான்களில் ‘அழி’, ‘வேண்டாம்’ என்று வையுங்கள். ‘அழிக்கலாமா?’ என்றால் நாம் ‘வேண்டாம்’ என்போம், ‘இல்லை’ என்பதில்லை.

‘கண்டிப்பா’ வாக்குக்கும் ஊகத்துக்கும் சரி: ‘கண்டிப்பா வரேன்’, ‘கண்டிப்பா அவன்தான் எடுத்திருப்பான்’. கண்ணால் பார்த்ததைச் சொல்லும்போது இடறும். ‘கண்டிப்பா நேத்து வந்தான்’ என்று யாரும் பேசுவதில்லை. கட்டாயத்தில் கடமை வாடை அடிக்கும்.

மெய்ப்பு: ‘நிச்சயம்’ போடுகிற இடத்தில் ‘ஆக’ சேர்ந்தால் பொருள் மாறிவிடும், பாருங்கள். ‘நாளை கூட்டம் நிச்சயமில்லை’ என்றால் நடந்தாலும் நடக்கலாம். ‘நாளை கூட்டம் நிச்சயமாக இல்லை’ என்றால் கிடையாது, அவ்வளவுதான். ‘அவருக்கு நிச்சயமாகத் தெரியாது’ இன்னும் மோசம், இரண்டு விதமாகவும் படிக்கலாம். ‘அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை’ அல்லது ‘அவருக்குச் சரியாகத் தெரியவில்லை’ என்று பிரித்து எழுதிவிடுங்கள். முன்பதிவுச் செய்திக்கு ‘உறுதியானது’ நல்லது. ‘நிச்சயமாகிவிட்டது’ என்றால் கல்யாணப் பேச்சுபோல் ஒலிக்கும்.

வடமராட்சி: கட்டாயத்தில் கடமை வாடை எண்டது உங்கட பக்கம். இஞ்ச யாழ்ப்பாணத்தில ‘அவர் கட்டாயம் வருவார்’ எண்டால் வருவார் எண்ட நம்பிக்கைதான். இன்னொண்டு, இலங்கையில ‘உறுதி’ எண்டால் காணிப் பத்திரமும்தான். காணி விற்கிற செயலியில ‘உறுதி’ எண்டு தனியாப் பொத்தான் வைச்சால், பத்திரத்தைக் காட்டப்போகுது எண்டுதான் ஆக்கள் அமத்துவினம்.

பொத்தான்: செயலி இலங்கைக்கும் போகிறது, நல்லவேளை சொன்னீர்கள். ‘கடவுச்சொல்லை உறுதிப்படுத்துக’?

மெய்ப்பு: ‘கடவுச்சொல்லை மீண்டும் உள்ளிடுக’. செய்ய வேண்டியது அதுதானே.

ஏகாரம்: அழிக்கும் எச்சரிக்கையில் அழுத்தம் போதவில்லை என்று யாராவது சொன்னால், தனிச்சொல் தேடாமல் ஓர் ‘ஏ’ சேர்த்துவிடுங்கள். தொல்காப்பியம் ஏகாரத்துக்குச் சொல்லும் 5 பொருள்களில் முதலாவது தேற்றம், அதாவது ஐயமில்லாத உறுதி. ‘உண்டே மறுமை’ என்பது அதற்கு வழக்கமாகக் காட்டும் எடுத்துக்காட்டு. இங்கே ‘அழித்தால் மீட்கவே முடியாது’ என்று கேள்விக்குக் கீழே ஒரு வரி.