கலைச்சொல் வேண்டும்: கூண்டு விலங்குகளின் 'ஸ்டீரியோடைப்பி'

அன்புள்ள குழுவினருக்கு,

விலங்குக் காட்சிசாலைப் பராமரிப்பாளர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். 'ஸ்டீரியோடைப்பி' என்ற சொல்லைத் தாண்ட முடியவில்லை. சிறுத்தை வேலியோரம் ஒரே தடத்தில் போவதும் திரும்புவதுமாக இருக்கிறது. யானை நின்ற இடத்திலேயே உடலை ஆட்டுகிறது. ஒட்டகச்சிவிங்கி சுவரை நக்கிக்கொண்டே இருக்கிறது. மாறாமல் திரும்பத் திரும்ப நிகழ்வது, வெளிப்படையான பயன் ஏதும் இல்லாதது என்பதுதான் வரையறை.

'ஒரேமாதிரி நடத்தை' என்று எழுதிப் பார்த்தேன். ஏதோ நல்லொழுக்கம் போல ஒலிக்கிறது. ஏற்கெனவே பார்வையாளர்கள் யானை குஷியாக ஆடுகிறது என்று கைதட்டுகிறார்கள். அந்த எண்ணத்தை உடைக்கும் சொல் வேண்டும்.

——

மறுமொழி:

சொல் நம்மிடம் இருக்கிறது. "அலமரல் தெருமரல் ஆயிரண்டும் சுழற்சி" என்று தொல்காப்பியர் உரியியலில் சொல்லிவிட்டார். உடல் சுழல்வதும் மனம் சுழல்வதும் ஒரே சொல்லில் அடங்குகின்றன. இதைவிடப் பொருத்தம் எங்கே கிடைக்கும்?

மூலச்சொல்லைப் பாருங்கள். அச்சுத்தொழிலில் ஒரு பக்கம் முழுவதையும் ஒரே உலோகத் தகடாக வார்ப்பதற்கு வைத்த பெயர் அது. கிரேக்கத்தில் 'ஸ்டீரியோஸ்' என்றால் கெட்டியானது. உயிருள்ள விலங்கின் துன்பத்துக்கு ஈயத்தகட்டின் பெயரை வைத்திருக்கிறார்கள். நாம் ஏன் அதைப் பின்பற்ற வேண்டும்?

கூண்டில் வளரும் விலங்கு நம் இலக்கியத்துக்குப் புதிதும் அல்ல. கரிகாலன் பகைவர் சிறையில் வளர்ந்ததைப் பட்டினப்பாலை "கொடுவரிக் குருளை கூட்டுள் வளர்ந்தாங்கு" என்கிறது. புலிக்குட்டி கூட்டுக்குள் வளர்வதைக் கண்டவர்தான் இப்படி எழுத முடியும். 'குருளை' என்ற சொல் எந்தெந்த விலங்கின் குட்டிக்கு உரியது என்பதை மரபியலோடு வைத்துத் தனி இழையில் பேசலாம்.

——

மறுமொழி:

ஐயா, வணக்கம். நான் விலங்கு மருத்துவம் படித்தவள். அலமரல் அழகான சொல், ஆனால் அது விலங்கின் மனநிலையை முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறது. மோசமான கூண்டொன்றில் நடந்துகொண்டே இருக்கும் விலங்கைவிட, அதே கூண்டில் அசையாமல் முடங்கிக் கிடக்கும் விலங்கின் நிலை இன்னும் மோசமாக இருக்கலாம். நடப்பது சில விலங்குகளுக்குத் தாக்குப்பிடிக்கும் வழியாகவும் அமைகிறது. வேறு சிலவற்றை நல்ல இடத்துக்கு மாற்றிய பிறகும் பழைய நடை விடுவதில்லை, தழும்பு போலத் தங்கிவிடுகிறது. பராமரிப்பாளர் முதலில் கண்டதைப் பதிவு செய்ய வேண்டும்: எத்தனை நிமிடம், உணவுக்கு முன்பா பின்பா, எந்த மூலையில் என்று. காரணம் தேடுவது அதன் பிறகு. ஆகவே சொல் கண்ணுக்குத் தெரியும் செயலை மட்டும் குறிக்கட்டும். 'மீள்செயல்' போதாதா?

——

மறுமொழி:

> சொல் கண்ணுக்குத் தெரியும் செயலை மட்டும் குறிக்கட்டும்

இதை நான் ஏற்கவில்லை, அம்மா. ரோஸ் கிளப்பும் ஜார்ஜியா மேசனும் 2003இல் 'நேச்சர்' இதழில் எழுதியதை நீங்கள் அறிவீர்கள். காட்டில் பரந்த பரப்பில் திரியும் ஊனுண்ணிகள்தாம் கூண்டில் அதிகம் நடக்கின்றன, அவற்றின் குட்டிகளும் அதிகம் இறக்கின்றன என்று காட்டினார்கள். பனிக்கரடி அந்த வரிசையில் முன்னால் நிற்கிறது. காரணம் இவ்வளவு தெளிவாக இருக்கும்போது சொல் மட்டும் ஏன் ஊமையாக இருக்க வேண்டும்? 'சிறைநடை' என்று வைப்போம்.

——

மறுமொழி:

சிறைநடை என்றால் நக்கும் ஒட்டகச்சிவிங்கியை எங்கே வைப்பது? அதற்கு நடை காரணமில்லை, தழை பறித்துத் தின்ன நாவுக்கு வேலை இல்லாததே காரணமாகச் சொல்லப்படுகிறது. 'சிறை' என்பதிலும் எனக்குத் தயக்கம் உண்டு. பெர்ன், பாசல், சூரிக் காட்சிசாலைகளை நடத்திய ஹைனி ஹெடிகர், இடம் சரியாக அமைந்தால் விலங்கு அதைத் தன் சொந்த எல்லையாகவே கொள்ளும் என்று வாதிட்டவர். அவரோடு முழுதும் உடன்படாவிட்டாலும், ஒரு சொல்லால் அந்த விவாதத்தை மூடிவிடக் கூடாது.

'உழல்செயல்' எப்படி? உழல் என்பதில் சுழல்வதும் உண்டு, வருந்துவதும் உண்டு. 'வறுமையில் உழல்கிறான்' என்பதை எல்லோரும் அறிவார்கள். நான் எட்டாம் வகுப்புக்குப் பாடம் எடுப்பவன். அலமரல் என்று கரும்பலகையில் எழுதினால் அந்த ஒரு சொல்லை விளக்கவே வகுப்பு போய்விடும்.

——

மறுமொழி:

உழற்செயல் என்றல்லவா வர வேண்டும்? லகரம் வல்லினத்துக்கு முன் றகரமாகும்.

——

மறுமொழி:

இல்லை, இது வினைத்தொகை. கொல்களிறு கொற்களிறு ஆவதில்லை. உழல்செயல் சரியே. சொல்லப்போனால் உழல், சுழல் இரண்டும் ஒரே வேரில் பிறந்தவை என்பது என் கருத்து. மாட்டுத் தொழுவின் வாயிலில் குறுக்கே போடும் உழலைமரமும் இதனோடு உறவு கொண்டதாகவே இருக்க வேண்டும். அடைப்பதும் உழல்வதும் ஒரே வேரிலிருந்து! விரிவாக எழுதுகிறேன்.

——

மறுமொழி:

விரிவை அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாமா, ஐயா? எனக்கு இருக்கும் கவலை வேறு. பலகையில் 'உழல்செயல்' என்று எழுதினால் பாதிப்பேர் 'ஊழல் செயல்' என்று படிப்பார்கள்.

——

மறுமொழி:

அனைவருக்கும் நன்றி. நாளை கோப்பை அனுப்ப வேண்டும். கையேட்டில் 'உழல்செயல்' என்றே போடுகிறேன், ஆறு பேர் அதற்கு இசைந்திருக்கிறார்கள். மருத்துவர் அம்மா கேட்டபடி, உழல்செயல் மட்டுமே துன்பத்தின் அளவுகோல் ஆகாது, முடங்கிக் கிடப்பதையும் குறித்து வையுங்கள் என்ற வரியைக் கட்டம் கட்டிச் சேர்த்துவிட்டேன். பார்வையாளர் பலகையில் கலைச்சொல்லே வேண்டாம் என்று முடிவு செய்தேன். "இந்த யானை நடனமாடவில்லை. போதிய இடமும் துணையும் வேலையும் இல்லாத யானைகள் இப்படி ஆடுவது உண்டு" என்று நேராக எழுதுகிறேன்.

——

மறுமொழி:

பலகை வாசகம் நன்று. சொல்லில் என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். விலங்கு துன்பப்படுகிறதா என்று தெரியாதபோது, துன்பப்படவில்லை என்ற பக்கம் ஏன் சாய வேண்டும்? அம்மா கேட்ட நடுநிலையால் காட்சிசாலைக்குத்தான் வசதி. நான் தொகுக்கும் சொற்பட்டியலில் அலமரல் என்றே இருக்கும், உழல்செயலை அடைப்புக்குறிக்குள் தருவேன்.

——

மறுமொழி:

ஐயா, உழல் என்பதும் நடுநிலைச் சொல் இல்லையே. நான் கேட்டது மீள்செயல்.