விழுங்கல் ஆய்வில் கழுத்தின் கீழ்ப்பகுதி கறுத்துப் போகிறது: எடை மிகுந்த நோயாளி, உதவி தேவை

கருங்கட்டம் (இழை தொடங்கியவர்), காலை 10.40

வணக்கம். நாளை காலை மீண்டும் செய்ய வேண்டியிருப்பதால் அவசரமாக எழுதுகிறேன். பக்கவாதத்துக்குப் பிறகு மூக்குக் குழாய் வழியாக உணவு பெற்றுவரும் ஒருவருக்கு இன்று பேரியம் விழுங்கல் ஆய்வு (எக்ஸ்ரேயில் தெரியும் பேரியக் கலவையை விழுங்கச் சொல்லி நேரடியாகப் பார்ப்பது) செய்தோம். பக்கவாட்டுக் காட்சியில் நாக்கும் மேல்தொண்டையும் ஓரளவு தெரிகின்றன. குரல்வளைக்குக் கீழே எல்லாம் ஒரே கறுப்புத் திட்டு. பேரியம் உணவுக்குழாய்க்குள் இறங்குகிறதா, மூச்சுக்குழாய்க்குள் போகிறதா என்று சொல்ல முடியவில்லை. குழாயை எடுக்கலாமா என்று பேச்சு சிகிச்சையாளர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். நோயாளி எடை மிகுந்தவர். எதை மாற்றினால் படம் தெளியும்?

கேசட்_காலம், காலை 10.58

எந்த இயந்திரம் என்று நீங்கள் சொல்லவில்லை. நிலையான ஃப்ளூரோஸ்கோபி (நேரடி எக்ஸ்ரே காட்சி) மேசையா, C வடிவக் கைகொண்ட நடமாடும் சி-ஆர்மா? நோயாளி அமர்ந்திருந்தாரா, சாய்ந்திருந்தாரா? திரையில் கேவி (கதிரின் ஊடுருவும் வலிமையைத் தீர்மானிக்கும் மின்னழுத்தம்) எவ்வளவு காட்டியது? "எடை மிகுந்தவர்" என்றால் 95 கிலோவும் ஆகலாம், 180 கிலோவும் ஆகலாம். இரண்டுக்கும் வழி வேறு.

முப்பதாண்டு_கதிர், காலை 11.15

இதே கேள்வி ஆண்டுக்கு நான்கு முறையாவது இங்கே வருகிறது. பாடத்தை ஒழுங்காகப் படித்தவர்களுக்கு இது சந்தேகமாகவே தோன்றாது. முகத்துக்கு முன்னால் இருக்கும் வெற்றுக் காற்றைக் காட்சிப் பரப்புக்குள் விட்டுவிட்டீர்கள். தானியங்கி ஒளிர்வுக் கட்டுப்பாடு அந்தக் காற்றின் பளபளப்பைப் பார்த்து, "போதுமான கதிர் வந்துவிட்டது" என்று கணக்கிட்டுக் கேவியைக் குறைத்துவிடுகிறது; அதனால் கழுத்து கறுக்கிறது. கதிர்ப் பரப்பைக் குறுக்கும் கோலிமேட்டரை முன்பக்கம் உதடு வரைக்கும் மூடுங்கள், சரியாகிவிடும். இதற்கு ஓர் இழை தொடங்கியிருக்க வேண்டியதில்லை.

வெள்ளைப்பால், காலை 11.32

எங்கள் அனுபவத்தில் இப்படிப்பட்ட நேரங்களில் பேரியத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தண்ணீராகக் கலந்தால் பருமனான உடலில் தெரியாது. இரைப்பைப் பரிசோதனைக்கு வைத்திருக்கும் அடர்த்தி மிகுந்த பேரியத்தை நல்ல கெட்டியாகக் கலந்து கொடுங்கள். பளிச்சென்று தெரியும்.

கரண்டியும்_கஞ்சியும், நண்பகல் 12.05

நான் பேச்சு–மொழி சிகிச்சையாளர். மேலே சொன்ன யோசனையைத் தயவுசெய்து பின்பற்ற வேண்டாம். அடர்த்தி என்பது வேறு, கெட்டி என்பது வேறு. பேரியம் எவ்வளவு கலந்திருக்கிறது என்பது அடர்த்தி. அது எவ்வளவு மெதுவாக ஒழுகுகிறது என்பது கெட்டி. பக்கவாத நோயாளிகளில் பலருக்குத் தண்ணீர் போன்ற நீர்மம்தான் முதலில் புரையேறும். கெட்டியானதை மட்டும் கொடுத்துவிட்டு "புரையேறவில்லை" என்று எழுதினால், அன்று மாலை வார்டில் அவர் குடிக்கும் ஒரு தம்ளர் தண்ணீர் அந்த அறிக்கையைப் பொய்யாக்கிவிடும். தவிர, இரைப்பைக்கான பேரியம் சுவரில் ஒட்டிப் படிவதற்கென்றே தயாரிக்கப்பட்டது. தொண்டையில் அது பூசிக்கொண்டு நிற்கும்போது, இல்லாத எச்சத்தை இருப்பதாக நாம் எழுதிவிடுவோம்.

விழுங்கல் ஆய்வுக்கு 100 மி.லி.க்கு 40 கிராம் பேரியம் சல்பேட் என்ற அளவு பரவலாகப் பயன்படுகிறது. கெட்டியைக் கண்ணால் மதிப்பிடாமல், ஐடிடிஎஸ்ஐ (உணவு, நீர்மங்களின் கெட்டியை வகைப்படுத்தும் சர்வதேச முறை) அளவுகோலின் சிரிஞ்ச் சோதனையால் பாருங்கள்: 10 மி.லி. சிரிஞ்சில் நிரப்பி, நுனியைத் திறந்து, 10 வினாடி ஒழுகவிட்டு மூட வேண்டும். ஒரு மி.லி.க்கும் குறைவாக மிஞ்சினால் அது நிலை 0, அதாவது தண்ணீர் போன்றது. 1 முதல் 4 வரை மிஞ்சினால் நிலை 1. 4 முதல் 8 வரை என்றால் நிலை 2. பேரியம் கலந்த பிறகு சோதிக்க வேண்டும், கலப்பதற்கு முன் அல்ல. 10 மி.லி. சிரிஞ்சுகள் எல்லாம் ஒரே நீளமுடையவை அல்ல. பூச்சியக் கோட்டிலிருந்து 10-ஆம் கோடு வரை 61.5 மி.மீ. இருக்கும் சிரிஞ்சுக்குத்தான் இந்தக் கணக்குப் பொருந்தும்.

கருங்கட்டம், பிற்பகல் 1.20

மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். நோயாளியின் எடை 142 கிலோ. மேசையை நிமிர்த்திப் பார்த்தோம். மேசைக்கும் எக்ஸ்ரே கோபுரத்துக்கும் இடையே நாற்காலியோடு அவர் நுழையவில்லை. ஆகவே அறுவை அரங்கிலிருந்து சி-ஆர்மை வரவழைத்து, அகலமான நாற்காலியில் அமர்த்திச் செய்தோம். கோலிமேட்டரை உதடு வரைக்கும் மூடித்தான் இருந்தோம். கேவியைக் குறித்துக்கொள்ளவில்லை. திரையைக் கைபேசியில் பதிவு செய்திருக்கிறேன், அதைப் பார்த்துச் சொல்கிறேன்.

கேசட்_காலம், பிற்பகல் 1.41

நாற்காலியைத் தேர்ந்தெடுத்தது நல்லது. மேசையின் எடை வரம்பைப் பார்த்துவிட்டுப் பலரும் நிமிர்த்திவிடுகிறார்கள்; படுத்த நிலைக்குச் சொன்ன வரம்பு நிமிர்த்திய நிலையில் கால்பலகைக்குப் பொருந்தும் என்று எண்ணிவிடக் கூடாது. கையேட்டில் இரண்டையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

சி-ஆர்ம் என்று முதலிலேயே சொல்லியிருந்தால் பாதி இழை மிச்சமாகியிருக்கும். இப்போது எனக்கு வேண்டியது கேவி ஒன்றுதான். ஒரே கறுப்புத் திட்டுக்கு இரண்டு எதிரெதிர்க் காரணங்கள் இருக்க முடியும். மூத்தவர் சொன்னபடி காற்று உள்ளே வந்திருந்தால், இயந்திரம் ஏமாந்து கேவியை 60, 65 என்று கீழே இறக்கியிருக்கும். தோள் உள்ளே வந்திருந்தால், அந்தப் பருமனை ஊடுருவ முயன்று தன் உச்சம் வரை ஏறியிருக்கும். முதலாவதற்குக் கோலிமேட்டரை மூடினால் போதும். இரண்டாவதற்கு எவ்வளவு மூடினாலும் தோள் விலகாது.

ஈயக்கச்சை, பிற்பகல் 2.10

எல்லோரும் படத்தைப் பற்றியே பேசுகிறீர்கள், கதிரளவைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. இவ்வளவு பருமனான உடலுக்கு இயந்திரம் வாரி இறைக்கும். நோயாளியின் மடியிலும் வயிற்றிலும் ஈய ஏப்ரன் போர்த்தினீர்களா? நான் சிறு குழந்தையாக இருந்தாலும் முதியவராக இருந்தாலும் போர்த்தாமல் தொடங்குவதில்லை.

சிங்கை_ஒளி, பிற்பகல் 2.37

மரியாதையோடு மறுக்கிறேன். நோயாளியின் இனப்பெருக்க உறுப்புகளுக்கு வழக்கமாக ஈயம் வைப்பதை நிறுத்தலாம் என்று அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 2019-இலும், அந்நாட்டின் தேசியக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு மன்றம் 2021-இலும் சொல்லிவிட்டன. கழுத்தைப் பார்க்கும்போது அடிவயிற்றுக்கு வரும் கதிரில் பெரும்பங்கு உடலுக்குள்ளேயே சிதறி வருவது. மேலே போர்த்தும் ஈயம் அதைத் தடுக்காது. அதைவிட மோசமானது ஒன்று உண்டு: மார்பு வரை போர்த்திய ஏப்ரனின் விளிம்பு காட்சிப் பரப்புக்குள் நழுவினால், தானியங்கிக் கட்டுப்பாடு அதையும் ஊடுருவ முயன்று கதிரை ஏற்றிவிடும். காப்பாற்றப் போர்த்தியதே அளவைக் கூட்டிவிடும்.

ஈயக்கச்சை, பிற்பகல் 2.52

அறிக்கைகளை நானும் படித்திருக்கிறேன். ஆனால் என் முன்னால் நிற்கும் தாய், "குழந்தைக்கு ஒன்றும் ஆகாதா ஐயா?" என்று கேட்கும்போது 2021 அறிக்கையை எடுத்துக்காட்ட என்னால் முடியாது. விளிம்பு உள்ளே வராமல் போர்த்தத் தெரிந்தவன் போர்த்தலாம்.

சிங்கை_ஒளி, பிற்பகல் 3.05

தாய்க்கு விளக்கம் சொல்வதும் நம் வேலைதான். கதிரளவைக் குறைக்க வேண்டுமானால் குறுக்கிய பரப்பு, விழுங்கும் கணத்தில் மட்டும் கதிர், உருப்பெருக்கப் பொத்தானைத் தொடாமலிருப்பது ஆகியவை ஏப்ரனைவிடப் பன்மடங்கு பயன் தரும். ஈயம் கட்டாயம் வேண்டியது அருகில் நின்று கரண்டி பிடிப்பவருக்கு. பருமனான உடல் கதிரை அதிகமாகச் சிதறடிக்கும். அந்தச் சிதறல் கதிர் நுழையும் பக்கத்தில், அதாவது எக்ஸ்ரே குழாய் இருக்கும் பக்கத்தில்தான் மிகுதி. ஆகவே பேச்சு சிகிச்சையாளரை எதிர்ப்பக்கம், படம் பிடிக்கும் பக்கத்தை ஒட்டி நிறுத்துங்கள்.

யாழ்_நிழல், பிற்பகல் 3.30

குழந்தைப் பேச்சு வந்ததால் கேட்கிறேன்: ஏழு மாதக் குழந்தைக்குப் புட்டிப்பால் விழுங்கல் ஆய்வு செய்யச் சொல்லியிருக்கிறார்கள். எங்களிடமும் சி-ஆர்ம்தான் உண்டு. பெரியவருக்குச் சொல்வதையே இதற்கும் செய்யலாமோ?

கரண்டியும்_கஞ்சியும், பிற்பகல் 3.48

ஏறத்தாழ எல்லாமே தலைகீழ். குழந்தையின் சொந்தப் புட்டி, சொந்த நிப்பிள், வழக்கமாகச் சாய்ந்து குடிக்கும் கோணம், ஓரளவு பசி ஆகியவை வேண்டும். பேரியம் சேர்ந்ததும் பால் கெட்டியாகி நிப்பிளில் இறங்கும் வேகம் மாறும், அதைக் கவனியுங்கள். முதல் சில மிடறுகளில் நன்றாகக் குடித்துவிட்டுக் களைத்த பிறகு புரையேறும் குழந்தைகள் உண்டு. ஆகவே தொடக்கத்தில் சில விழுங்கல்களைப் பார்த்துவிட்டுக் கதிரை நிறுத்தி, குழந்தையைக் குடிக்கவிட்டு, சில நிமிடங்கள் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். கதிரை இடைவிடாமல் எரிக்க வேண்டியதில்லை.

கேசட்_காலம், பிற்பகல் 3.55

கிரிட்டை (சிதறிய கதிரைத் தடுக்கும் தகடு) கழற்ற முடியுமா என்று பாருங்கள். கைக்குழந்தையின் கழுத்தில் சிதறல் மிகக் குறைவு. அங்கே கிரிட் பயனுள்ள கதிரையும் சேர்த்து விழுங்கி, அளவைத்தான் கூட்டுகிறது. மூலக் கேள்விக்காரரின் நோயாளிக்குக் கிரிட் கட்டாயம் இருக்க வேண்டும்.

முப்பதாண்டு_கதிர், மாலை 4.20

இழை எங்கோ போய்விட்டது. நான் காலையிலேயே விடை சொல்லிவிட்டேன். கோலிமேஷன்.

கருங்கட்டம், மாலை 5.02

பதிவைப் பார்த்தேன். கேவி 110-இல் நிற்கிறது. எங்கள் இயந்திரத்தின் உச்சம் அதுதான். ஓரத்தில் "8" என்றும் ஓர் எண் தெரிகிறது, அது என்னவென்று புரியவில்லை.

கேசட்_காலம், மாலை 5.25

விடை அந்த இரண்டு எண்களில் இருக்கிறது. காற்று காரணமல்ல, தோள்தான்.

உடலின் பருமன் 4 அல்லது 5 செ.மீ. கூடும்போதெல்லாம் கதிர் இரட்டிப்பாகத் தேவைப்படும் என்பது நாம் படித்த கணக்கு. கழுத்தைவிடத் தோள்வரிசை 20 செ.மீ. மட்டுமே கூடுதல் என்று வைத்துக்கொண்டாலும் 16 முதல் 32 மடங்கு வேண்டும். 142 கிலோ நபருக்கு வேறுபாடு அதற்கும் மேல். எந்தச் சி-ஆர்மும் ஒரே காட்சியில் இரண்டையும் காட்டாது. அது உச்சத்துக்கு ஏறி நின்ற பிறகு இன்னொரு கேடும் வருகிறது: பேரியம் நன்றாக எடுபடுவது 37 கேஇவிக்கு (கதிரின் ஆற்றலை அளக்கும் அலகு) சற்று மேலுள்ள கதிரில். 110 கேவியில் கதிரின் பெரும்பகுதி அதைத் தாண்டிப் போய்விடுவதால் பேரியமும் தசையும் ஒன்றுபோல் மங்குகின்றன.

8 என்பது ஒரு வினாடிக்கு இயந்திரம் விடும் கதிர்த் துடிப்புகளின் எண்ணிக்கையாக இருக்க வேண்டும். எலும்பு அறுவைக்கு அது போதும். தொண்டைக் கட்டம் ஒரு வினாடிக்குள் முடிந்துவிடும் விழுங்கலில், 8 என்றால் 125 மில்லி வினாடிக்கு ஒரு படம்தான். கணநேரம் குரல்வளைக்குள் எட்டிப்பார்த்துத் திரும்பும் பேரியம் இரண்டு படங்களுக்கு நடுவே நழுவிவிடும். இயந்திரம் அனுமதித்தால் 30 வையுங்கள். 33 மில்லி வினாடிக்கு ஒரு படம் கிடைக்கும். இதனால் கூடும் கதிரை நேரத்தைச் சுருக்கி ஈடுகட்டுங்கள்.

இனித் தோள். இடுப்பை நாற்காலியின் பின்புறம் வரை தள்ளி நிமிர்த்தி அமர்த்துங்கள், மோவாயைச் சற்றே முன்னால் வைக்கச் சொல்லுங்கள், கைகளைக் கைப்பிடி மேல் வைக்காமல் தொங்கவிடுங்கள். கைப்பிடிதான் தோளை மேலே தூக்குகிறது. பிறகு நீண்ட துணியைப் பாதத்துக்கடியில் கொடுத்து இரு முனைகளையும் கையால் இழுக்கச் சொன்னால் தோள் இன்னும் இறங்கும்.

கரண்டியும்_கஞ்சியும், மாலை 5.40

கடைசி வரியை மாற்றிக்கொள்ளுங்கள். பக்கவாதம் வந்த பக்கத்துத் தோளை இழுக்கவே கூடாது. தளர்ந்த தசை தாங்காமல் மூட்டு நழுவிவிடும். நல்ல கை மட்டும் இழுக்கட்டும். செயலற்ற கையை மடியில் தலையணை வைத்துத் தாங்குங்கள்.

கேசட்_காலம், மாலை 5.47

சரியான திருத்தம், நான் யோசிக்கவில்லை. அப்படியானால் ஒரு தோள் தாழ்ந்தும் மற்றொன்று சற்று உயர்ந்தும் இருக்கும். உடலை மட்டும் கொஞ்சம் திருப்பி, ஒரு தோள் முன்னாலும் மற்றது பின்னாலும் விலகும்படி செய்யுங்கள். முழுப் பக்கவாட்டு கிடைக்காது. ஆனால் மூச்சுக்குழாயும் உணவுக்குழாயும் தோளிலிருந்து விடுபடும். காட்சியின் கீழ் எல்லையை உணவுக்குழாயின் மேல்வாயோடு நிறுத்துங்கள், அதற்குக் கீழே போக வேண்டாம். கேவி 80-ஐ ஒட்டி வந்ததும் தானியங்கியைப் பூட்ட முடிந்தால் பூட்டிவிடுங்கள்; விழுங்கும்போது தலை அசைந்தாலும் ஒளிர்வு குதிக்காது.

கருங்கட்டம், மறுநாள் பிற்பகல் 12.50

செய்தோம். உடலைத் திருப்பியதும் கேவி 84-க்கு இறங்கியது. துடிப்பு எண் 30 வைத்தோம். தண்ணீர் போன்ற 5 மி.லி. ஓசையின்றிப் புரையேறியது, ஒரு இருமல்கூட இல்லை. நிலை 2 தங்குதடையின்றி இறங்கியது. இப்போதைக்குக் குழாய் அப்படியே இருக்கிறது. அனைவருக்கும் நன்றி, அடுத்த நோயாளி காத்திருக்கிறார்.

முப்பதாண்டு_கதிர், பிற்பகல் 1.15

கீழ் எல்லையை நிறுத்தியதும் கோலிமேஷன்தான் என்பதைக் கவனிக்கவும்.

யாழ்_நிழல், பிற்பகல் 3.08

எங்களுடைய சி-ஆர்மில் கிரிட் வெளியிலிருந்து கழற்றக்கூடியதாகத் தெரியவில்லை. மூடியைத் திறக்காமல் வேறு வழி ஏதும் உண்டோ? குழந்தைக்கு வியாழக்கிழமை நேரம் கொடுத்திருக்கிறோம்.