எல்லோர் முன்னாலும் ஒருவர் தன் கொள்கையைக் கைவிட்டதைப் பார்த்திருக்கிறீர்களா?

கூழாங்கல்:
இயக்கத்தின் பெயர் வேண்டாம். இந்த மாதிரிக் கூட்டங்கள் எப்படி நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். எங்களுக்கெல்லாம் வகுப்பெடுத்த மூத்தவர் மேடையேறி, "என் கருத்துகள் தவறானவை. யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் இதைச் சொல்கிறேன்" என்று தாளைப் பார்த்து வாசித்தார். 'வற்புறுத்தல்' வரும் இடத்தில் நாக்கு குழறிவிட்டது. மறுபடி முதலிலிருந்து வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தார். கை தட்டினோம். அந்த இரண்டாவது வாசிப்புதான் இன்னும் உறுத்துகிறது. முதல் தடவையே எல்லோருக்கும் புரிந்துவிட்டதே, அப்புறம் எதற்கு?

தனிமரம்:
வீடியோ எடுத்திருப்பார்கள். அங்கே உட்கார்ந்திருந்த உங்களுக்காகவா அது? வராதவர்களுக்காக! 1633 ஜூன் 22 அன்று ரோமில் கத்தோலிக்கத் திருச்சபையினர் விஞ்ஞானி கலிலியோவை மண்டியிட வைத்து, பூமி சுற்றுகிறது என்ற கருத்தைச் சபித்து வெறுப்பதாக வாசிக்க வைத்தார்களே, அது அந்த அறையோடு முடியவில்லை. நகல்கள் ஊர் ஊராகப் போயின, கணிதப் பேராசிரியர்களைக் கூட்டிவைத்து வாசித்துக் காட்டினார்கள். அவரோ 1642-இல் சாகும்வரை வீட்டுக்காவலில் இருந்தார். எழுந்திருக்கும்போது "ஆனாலும் அது நகர்கிறது" என்று முணுமுணுத்தார் என்பதெல்லாம் நம் ஆறுதலுக்குப் பிற்காலத்தில் கிளம்பிய கதை. உங்கள் மூத்தவரும் எதையும் முணுமுணுத்திருக்க மாட்டார்.

நடுநிசி:
தனிமரம், எல்லாத் துறத்தலும் மிரட்டி வாங்கியதல்ல. என் நண்பன் தானாகவே மேடையேறி மதத்தை விட்டுவிட்டதாக அறிவித்தான். இறங்கியதும் அவன் அம்மா கேட்டார்: "மைக் வச்சுத்தான் சொல்லணுமா? எங்கிட்ட சொல்லியிருக்கலாமேடா." அவன், "உன்கிட்ட மட்டும் சொன்னா வீட்டோட போயிடும்மா" என்றான். அம்மா ஒன்றும் பேசாமல் அவன் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டார். அம்பேத்கரும் 1935-இல் மகாராஷ்டிரத்தின் இயோலாவில் இந்துவாகச் சாக மாட்டேன் என்று ஊரறியத்தான் சொன்னார். நாக்பூரில் பௌத்தம் தழுவியது 1956 அக்டோபர் 14-இல். நடுவில் 21 வருடம். சொன்னதை யாரும் மறக்கவில்லை, அவரும் மறக்க முடியாது. சபையில் சொல்வதில் அந்தப் பலமும் இருக்கிறது. கலிலியோவை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

தனிமரம்:
கூழாங்கல் கேட்டது தாளைக் கொடுத்து வாசிக்க வைத்ததைப் பற்றி. நீங்கள் வேறு கதையைச் சொல்லிவிட்டு என்னிடம் சண்டைக்கு வருகிறீர்கள்.

வழிப்போக்கன்:
என்னிடமும் ஒரு அமைப்பில் இப்படி எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். இனி யாருக்காவது இந்த நிலைமை வந்தால் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். எழுதிக் கொடுத்தால் விட்டுவிடுவார்கள் என்று நம்பவே நம்பாதீர்கள். இங்கிலாந்தில் பேராயராக இருந்த தாமஸ் கிரான்மர், தன் புராட்டஸ்டன்ட் கொள்கையைக் கைவிடுவதாக ஒன்றல்ல, பல மறுப்புகளில் கையெழுத்துப் போட்டார். அப்படியும் 1556 மார்ச் 21-இல் ஆக்ஸ்போர்டில் எரித்தார்கள். கடைசி நேரத்தில் எல்லாவற்றையும் திரும்பப் பெற்றுக்கொண்டு, கையெழுத்துப் போட்ட வலது கையைத்தான் முதலில் தீயில் நீட்டினார். கொடுத்துவிட்டுப் பின்வாங்குவது அதைவிட ஆபத்து: தெய்வக் குரல் கேட்டதாகச் சொல்லிப் பிரான்சுக்காகப் போரிட்ட ஜோன் ஆஃப் ஆர்க் 1431 மே 24-இல் அதைக் கைவிடுவதாகச் சொன்னார், சில நாளில் மாறினார், மே 30-இல் எரித்துவிட்டார்கள். ஆகவே நன்றாக யோசித்துக் கொடுங்கள், கொடுத்தால் ஒரு நகல் கேட்டு வாங்குங்கள், வாசகத்தில் மற்றவர்கள் பெயர் இருந்தால் அடிக்கச் சொல்லுங்கள். முக்கியமாக, தேதி இல்லாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். எப்போது வேண்டுமானாலும் எடுத்து நீட்டுவார்கள்.