புதுப்பிப்பு: பேஸ் கிதாரின் தகர ஒலி போய்விட்டது

என் பேஸ் கிதார் தகரத்தைத் தட்டியதுபோல் ஒலிக்கிறது, கனிந்த ஒலிக்கு என்ன வழி என்று முன்பு கேட்டிருந்தேன். நீங்கள் சொன்னபடி ஃபிளாட்வவுண்ட் கம்பிகளை, அதாவது தட்டையான உலோக நாடா சுற்றிய வழுவழுப்பான கம்பிகளை, மாட்டினேன். விரல் உரசும் கீச்சொலி அன்றே நின்றது. இழுவிசை கூடியதால் கிதாரின் கழுத்து சற்று வளைந்தது. கழுத்துக்குள் அதன் வளைவைச் சரிசெய்ய இருக்கும் உலோகத் தண்டான டிரஸ் ராடைக் கால் சுற்று முறுக்கியதும் சரியானது.

ஆனால் உண்மையான மாற்றம் ஸ்பாஞ்சில்தான். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மெத்தை தைப்பவரிடம் வாங்கிய விரலகலத் துண்டை, கிதாரின் உடலில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜை ஒட்டிக் கம்பிகளுக்கு அடியில் செருகினேன். ஒவ்வொரு சுரமும் 'தும்' என்று எழுந்து உடனே அடங்குகிறது. அமெரிக்காவின் மோடவுன் நிறுவன இசைத்தட்டுகளில் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் கையாண்டதும் இதே கம்பி, இதே ஸ்பாஞ்சு!

ஞாயிறன்று ஏற்காட்டுத் தேவாலயத்தில், கூர்மையான ஒலியைத் தணிக்கும் டோன் குமிழைப் பாதி குறைத்து, கிதாரின் கழுத்தருகே மீட்டினேன். பாடகர் குழுவின் குரல்களுக்கு அடியில் அது கம்பளிபோல் விரிந்தது. அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.