1977ஆம் ஆண்டின் நற்செய்திகளில் எதற்கு முதலிடம் தரலாம்?

கேள்வி

எங்கள் பள்ளி நூலகத்தின் அறிவிப்புப் பலகையில், ஏதேனும் ஓர் ஆண்டைத் தேர்ந்தெடுத்து அவ்வாண்டில் நிகழ்ந்த நல்லவற்றை எழுதி வைப்பது வழக்கம். இம்முறை 1977. நெருக்கடி நிலை முடிவுக்கு வந்ததையும், மார்ச் மாதத் தேர்தலில் மக்கள் தம் வாக்கினால் ஆட்சியை மாற்றியதையும் எழுதிவிட்டோம். வெளிநாட்டு நிகழ்வுகளில் எதை முதலில் வைக்கலாம் என்று அன்பர்கள் கூற வேண்டுகிறேன்.

மறுமொழி 1

ஐயமின்றிப் பெரியம்மையின் முடிவைத்தான் சொல்வேன். சோமாலியாவின் மெர்க்கா நகர மருத்துவமனையில் சமையல்காரராக இருந்த அலி மாவ் மாலின் என்ற இளைஞர், நோயுற்ற இரு குழந்தைகளை ஏற்றி வந்த வண்டிக்கு வழிகாட்டச் சிறிது தூரம் உடன் சென்றார். அந்தக் குறுகிய நேரத்தில் நோய் அவரைத் தொற்றிக்கொண்டது. முதலில் மலேரியா என்றும், அக்டோபர் இறுதியில் கொப்புளங்கள் எழுந்தபோது சின்னம்மை என்றும் கருதினார்கள். பெரியம்மை என்று தெரிந்ததும், அவரோடு பழகியவர்களை ஒருவர் விடாமல் தேடிக் கண்காணித்ததோடு, 50,000 பேருக்கும் மேலாக அம்மை குத்தினார்கள். அவர் பிழைத்தார், அவரிடமிருந்து வேறெவருக்கும் நோய் பரவவில்லை. ஊசி வலிக்கு அஞ்சித் தாம் அம்மை குத்திக்கொள்ளாமல் இருந்ததைப் பிற்காலத்தில் தாய்மார்களிடம் எடுத்துச் சொல்லிப் போலியோ ஒழிப்புக்காக ஊர் ஊராக உழைத்தார். 2013இல் அப்பணியில் இருந்தபோதே காய்ச்சல் கண்டு மறைந்தார். என்னை மிகவும் நெகிழ வைப்பது இந்தப் பிற்பகுதியே.

மறுமொழி 2

கென்யாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவ்வாண்டு ஜூன் 5 அன்று வங்காரி மாத்தாய் நைரோபியில் ஏழு மரக்கன்றுகளை நட்டுப் பசுமைப் பட்டை இயக்கத்தைத் தொடங்கினார். கிராமத்துப் பெண்களே நாற்றங்கால் அமைத்து, பிழைத்து வளர்ந்த கன்றுகளுக்குச் சிறு தொகை பெற்றார்கள். நட்டதற்கல்லாமல் பிழைத்ததற்கே பணம் என்ற ஏற்பாடு மாணவர்கள் அறிய வேண்டியது. செப்டம்பரில் சூரிக் நகரில் ஆண்ட்ரியாஸ் குருயன்சிக் முதன்முதலாக இதயத் தமனி அடைப்பைப் பலூன் கொண்டு விரித்ததும் அதே ஆண்டில்தான்.

மறுமொழி 3

முதல் மறுமொழியை வழிமொழிகிறேன். பலகையில் எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள், ஐயா: 1978இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் ஆய்வகக் கிருமியால் ஓர் உயிரிழப்பு நேர்ந்தது, உலக நலவாழ்வு அமைப்பு பெரியம்மை ஒழிந்ததாக அறிவித்தது 1980 மே மாதத்தில். ஆகவே, ‘இயற்கையாகப் பரவிய பெரியம்மையின் கடைசி நோயாளி, 1977’ என்று எழுதுவதே சரியாக இருக்கும்.