பசுமைப் பத்திரம்: ஜெர்மனிக்குக் கூட்டம், நமக்கு ஏன் ஆள் இல்லை?

கணக்குப்பிள்ளை:
2020 செப்டம்பரில் ஜெர்மனி அரசு முதல் பசுமைப் பத்திரம் விட்டது, அதாவது சுற்றுச்சூழலுக்கு உதவும் செலவுகளைக் காட்டிக் கடன் வாங்கும் பத்திரம். 650 கோடி யூரோவுக்கு, 3,300 கோடி யூரோ வரை கேட்டு வந்தார்கள். வட்டி 0%, இதில் முகமதிப்பைவிடக் கூடுதல் விலை வேறு, அதாவது வாங்கியவர்கள் கையிலிருந்து போட்டுக் கடன் கொடுத்தார்கள். நம் அரசு 2023 ஜனவரியில் 8,000 கோடி ரூபாயோடு ஆரம்பித்தது, நன்றாகவே போனது. ஆனால் 2024 மே 31 அன்று 6,000 கோடிக்கு ஏலம் வைத்து ரிசர்வ் வங்கி ஏற்றது சுமார் 1,700 கோடி. 'பசுமை' என்று பெயர் வைத்தால் பணம் கொட்டும் என்று இங்கே எழுதியவர்கள் பதில் சொல்லுங்கள்.

நெய்தல்72:
நான்தான் எழுதினேன், ஓடிப்போகவில்லை. உங்கள் ஒப்பீடே கோணல் சார். ஜெர்மனி 2020-இல் திரட்டிய பணம் எதற்கு என்று பார்த்தீர்களா? 2019 பட்ஜெட்டில் ஏற்கெனவே செலவாகிவிட்ட பசுமைக் கணக்கைக் காட்டித் திரட்டியது. நாம் 2022-23-இல் வாங்கிய 16,000 கோடி மெட்ரோவுக்கும் மின்சார ரயில் எஞ்சினுக்கும் அதே வருடச் செலவுக்குப் போனது. அணுமின்சாரம் கூடாது, 25 மெகாவாட்டுக்கு மேல் நீர்மின்சாரம் கூடாது என்று நம் விதிமுறையிலேயே இருக்கிறது. யார் கறார் இதில்?

கணக்குப்பிள்ளை:
அந்த எஞ்சினைப் பசுமைப் பத்திரம் இல்லாவிட்டாலும் ரயில்வே வாங்கியிருக்கும். பணம் போய்ச் சேருவது இந்தியத் தொகுப்பு நிதியில், அங்கிருந்து எடுத்து இந்தச் செலவுக்கு என்று எழுதிக்கொள்கிறோம், அவ்வளவுதான். பின்தேதி போட்டு எழுதினால் ஜெர்மனி, நடப்புத் தேதி போட்டால் இந்தியா. சரி, கறாராகவே இருக்கட்டும், அப்படியானால் வாங்க ஆள் ஏன் வரவில்லை?

ட்ரெஷரி_மணி:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். ஒரு வங்கியின் ட்ரெஷரியில், அதாவது வங்கிப் பணத்தில் பத்திரம் வாங்கி விற்கும் பிரிவில் உட்கார்ந்திருந்தவன். முதல் ஏலத்தில் 5 வருடம் 7.10%, 10 வருடம் 7.29%, சாதாரண அரசுப் பத்திரத்தைவிட 5, 6 பேஸிஸ் பாயிண்ட் (ஒரு சதவீதத்தில் நூறில் ஒரு பங்குதான் ஒரு பாயிண்ட்) குறைவு. புதுசு என்று எல்லோரும் கொஞ்சம் வாங்கினோம். அப்புறம் ஒரு நாள் மதியம் அதில் 10 கோடி விற்க, அரசுப் பத்திரங்கள் கைமாறும் மின்னணுச் சந்தையான என்டிஎஸ்-ஓஎம் திரையில் போட்டேன். பக்கத்தில் சாதாரண 10 வருடப் பத்திரம் ஐந்து பைசா ஐந்து பைசாவாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது, என்னுடையதைச் சீண்ட ஆளில்லை. மூன்று டீலருக்குப் போன் போட்டேன், ஒருவர் மட்டும் அடிமாட்டு விலை சொன்னார். விற்காமல் வைத்துக்கொண்டேன். எஸ்எல்ஆர் கணக்குக்கு, அதாவது வங்கிகள் டெபாசிட்டில் ஒரு பங்கை அரசுப் பத்திரம் போன்றவற்றில் வைத்தாக வேண்டும் என்ற விதிக்கு, எந்த அரசுப் பத்திரமும் ஒன்றுதான், பசுமைக்குத் தனி மார்க் கிடையாது. பிறகு குறைந்த வட்டிக்கு, விற்கவும் முடியாத ஒன்றை எவன் வாங்குவான்? 2024-இல் சாதாரணப் பத்திரத்தின் வட்டியையே கேட்டார்கள், ரிசர்வ் வங்கி தர மறுத்தது.

நெய்தல்72:
இதைத்தான் சொல்ல வந்தேன். ஐரோப்பாவில் பசுமைக்கென்றே ஒதுக்கிய ஓய்வூதியப் பணம், ஃபண்டு பணம் இருக்கிறது. இங்கே இல்லை. குற்றம் பத்திரத்தில் இல்லை.

கணக்குப்பிள்ளை:
பத்திரத்திலும்தான். ஜெர்மனி இரட்டைப் பிள்ளை மாதிரி விட்டது. அதே முதிர்வுத் தேதி, அதே வட்டி, ஒன்று பசுமை, ஒன்று சாதா. விற்க முடியாமல் போகுமோ என்ற பயமே இல்லை, பசுமையைக் கொடுத்துச் சாதாவாக மாற்றிக்கொள்ளலாம். இத்தனைக்கும் அவர்கள் முதல் வெளியீட்டில் மிச்சம் பிடித்த வட்டி ஒரு பேஸிஸ் பாயிண்ட் அளவுதான். நாம் எடுத்த எடுப்பில் ஐந்து, ஆறு வாங்கிவிட்டு அதையே எப்போதும் எதிர்பார்த்தோம்.

நெய்தல்72:
இரட்டைப் பிள்ளை விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். 'பெயர் வைத்தால் போதும்' என்று மட்டும் நான் எழுதவில்லை, பழைய பதிவைப் படித்துப் பாருங்கள்.

ட்ரெஷரி_மணி:
அப்படி மாற்றித் தருவதாக இருந்தால் நானே ஏலம் கேட்டிருப்பேன். ஒரு பேஸிஸ் பாயிண்ட் விட்டுத்தரலாம், ஆறெல்லாம் முடியாது.