கலைச்சொல்: பேக்பைப் பயிற்சியில் ‘கிரேஸ் நோட்’ என்பதற்கு ‘வெட்டு’

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். ஸ்காட்லாந்தின் ஹைலண்ட் பேக்பைப்பைப் புதிதாகக் கற்பவர்களுக்கான சொற்பட்டியலில் ‘கிரேஸ் நோட்’ (மெட்டின் சுரங்களுக்கு இடையே கணநேரம் செருகும் குறுகிய ஒலி) என்பதற்கு ‘அழகுச் சுரம்’, ‘அலங்காரச் சுரம்’, ‘கமகம்’ ஆகிய மூன்று சொற்கள் இதுவரை முன்மொழியப்பட்டுள்ளன. இவற்றுள் முதலிரண்டும் பியானோ இசைக்குப் பொருந்தக்கூடும். இந்தக் கருவிக்கு மூன்றுமே பொருந்தா என்றும், கற்பவரைத் தொடக்கத்திலேயே திசைமாற்றிவிடும் என்றும் கருதுகிறேன்.

காரணம் கருவியின் அமைப்பில் உள்ளது. வாசிப்பவர் ஊதுகுழாய் வழியாகப் பையை நிரப்பி, அதைக் கைக்கும் விலாவுக்கும் இடையே வைத்து அழுத்துகிறார். அவர் மூச்சு வாங்கும் நேரத்திலும் காற்று சாண்டருக்கும் (துளைகளில் விரல் வைத்து மெட்டு வாசிக்கும் குழல்) மூன்று ட்ரோன்களுக்கும் (மாறாத சுருதியை ஒலிக்கும் குழல்கள்) இடைவிடாது போய்க்கொண்டிருக்கும். நாகசுரக் கலைஞர் சீவாளியை உதட்டில் வைத்துத் துத்துக்காரத்தால் (நாக்கின் தட்டலால்) ஒரு சுரத்தை அடுத்ததிலிருந்து பிரித்துக் காட்ட முடியும். சாண்டரின் சீவாளியோ குழலின் தலைப்பகுதிக்குள் மறைந்திருப்பதால் நாக்கு அதைத் தொடவே வழியில்லை. ஓசையைக் கூட்டவும் குறைக்கவும் இயலாது. எனவே மெட்டில் கீழ் ‘ஏ’ சுரம் இரண்டு முறை அடுத்தடுத்து வந்தால், அது ஒரே நீண்ட சுரமாகத்தான் கேட்கும். மேற்கையின் ஆள்காட்டி விரலைக் கணநேரம் தூக்கி வைத்து, இடையில் ஒரு ‘ஜி’ ஒலியைச் செருகினால்தான் கேட்பவருக்கு இரண்டு சுரங்கள் கிடைக்கும். தாளத்தின் அழுத்தம் எங்கே விழுகிறது என்பதையும் இதே விரலசைவுதான் உணர்த்துகிறது. அதை நீக்கிவிட்டால் மெட்டே குலைந்துவிடும்.

புதிதாகக் கற்பவர் பையைத் தொடுவதற்கு முன் பல மாதங்கள் பயிற்சிக் குழலில் மட்டும் வாசிக்கிறார். (‘பிராக்டிஸ் சாண்டர்’ என்பதற்குப் ‘பயிற்சிக் குழல்’ போதும், அதில் விவாதம் தேவையில்லை.) அதில் மூச்சை நிறுத்திச் சுரங்களைப் பிரிக்க முடியும் என்றாலும், பை வந்த பிறகு அந்த வழி அடைபட்டுவிடும் என்பதால் ஆசிரியர்கள் அதை அனுமதிப்பதில்லை. ஒன்பது சுரங்களும் விரலுக்குப் பழகியவுடன், பாட்டு எதையும் தொடுவதற்கு முன்பே ‘ஜி’, ‘டி’, ‘ஈ’ கிரேஸ் நோட்டுகளைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்த இடத்தில் ‘அலங்காரம்’ என்று எழுதியிருந்தால், மெட்டை முதலில் கற்று, அழகை நாளைக்குச் சேர்த்துக்கொள்ளலாம் என்றுதான் படிப்பவர் எண்ணுவார். அவ்வாறு பழகிய விரல்களைத் திருத்துவது மிகக் கடினம்.

‘கமகம்’ பற்றி. கமகத்தில் சுரம் அசைந்தும் வழுக்கியும் மற்றொன்றைத் தொடுகிறது. இங்கே துளை திறந்து மூடும் ஒரு துண்டிப்பு மட்டுமே நிகழ்கிறது. நம் இசையில் இதற்கு மிக நெருங்கியது ஜண்டை வரிசையில் (ஒவ்வொரு சுரமும் இரட்டித்து வரும் பயிற்சி) இரண்டாம் சுரத்தைக் கீழ்ச்சுரத்திலிருந்து தட்டி எழுப்பும் ஸ்புரிதம்தான். ஆயினும் பேக்பைப்பில் இடையே செருகும் ஒலி பெரும்பாலும் மேலிருந்து வருகிறது. அதற்கு மெட்டின் போக்கோடு உறவு இருக்க வேண்டும் என்பதும் இல்லை. சிலப்பதிகாரத்துக் கானல்வரியின் ‘வார்தல், வடித்தல், உந்தல், உறழ்தல்’ வரிசையிலிருந்து ஒரு சொல்லை எடுக்கலாம் என்ற யோசனையின் மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் அவை யாழ் நரம்பின் மீது நிகழும் கைத்தொழில்கள். துளைக்கருவிக்கு அவற்றை மாற்றினால் பழைய பொருளும் மங்கும், புதிய பொருளும் தெளியாது.

நான் நெடுநேரம் எண்ணிப்பார்த்த சொல் ‘ஒற்று’. ஸ்காட்லாந்தில் பேக்பைப் மெட்டுகளை அசைகளாகப் பாடிக் கற்பிக்கும் பழைய முறை ஒன்று உண்டு. காலின் கேம்பல் 1797ஆம் ஆண்டிட்ட தம் கையெழுத்துப் படியில் அத்தகைய அசைகளாலேயே மெட்டுகளை எழுதிவைத்தார். அம்முறையில் பொதுவாக உயிரொலிகள் மெட்டின் சுரங்களையும், மெய்யொலிகள் கிரேஸ் நோட்டுகளையும் குறிக்கின்றன. நம் இலக்கணத்தில் ஒற்று என்பது மெய். அரை மாத்திரை பெறுவது. யாப்பில் அலகு பெறாதது. இன்றைய பேக்பைப் இசைக்குறிப்பிலும் கிரேஸ் நோட்டைச் சிறியதாக, தண்டு மேல்நோக்கி எழுதுகிறார்கள். அதன் நேரம் தாளக் கணக்கில் சேர்வதில்லை. ‘ஒற்றுதல்’ என்பதற்கு மெல்லத் தொடுதல் என்ற பொருளும் இருப்பதால் இதைவிடப் பொருத்தமான சொல் அமைவது அரிது. இருந்தும் அதை முன்மொழியத் தயங்குகிறேன். ட்ரோனுக்கு நாகசுர மரபின் ‘ஒத்து’ என்ற சொல்லை ஏற்கெனவே ஏற்றுக்கொண்டோம். பேச்சுத் தமிழில் ‘ஒற்று’ ‘ஒத்து’ என்றே ஒலிக்கும். வகுப்பில் ஆசிரியர் ‘ஒத்து சரியில்லை’ என்றால், மாணவர் விரலைத் திருத்துவதா, ட்ரோனின் சுருதியைத் திருத்துவதா? கலைச்சொல் வாயிலும் பிழைக்க வேண்டும்.

ஆகவே ‘வெட்டு’ என்பதே என் முன்மொழிவு. அயர்லாந்துக் குழலிசையில் மேலிருந்து செருகும் ஒலியைக் ‘கட்’ என்றே வழங்குகிறார்கள் என்பது துணைச்சான்று. அது செய்யும் வேலையை இச்சொல் நேராகச் சொல்கிறது என்பதே முதற்காரணம். இதிலிருந்து பிற சொற்களும் எளிதாகக் கிளைக்கும்: ஜி வெட்டு, டி வெட்டு, ஈ வெட்டு, கீழ்ச்சுரத்தைத் தட்டும் ‘ஸ்ட்ரைக்’ என்பதற்குக் கீழ்வெட்டு, ‘டபுளிங்’ என்பதற்கு இரட்டை வெட்டு. ‘பி’ சுரத்தின் இரட்டை வெட்டில் முதலில் ஜி வெட்டும், பிறகு டி வெட்டும் வருவதை இப்பெயரே நினைவூட்டும். பல வெட்டுகள் சேர்ந்த விரலசைவுகளுக்கான ‘தூர்லுவா’, ‘குரூன்லுவா’ போன்ற ஸ்காட்லாந்தின் கேலிக் மொழிப் பெயர்களை ஆங்கிலமே மாற்றவில்லை. நாமும் அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

இத்துடன் இணைத்தே தீர்க்க வேண்டிய சொல் ‘கிராசிங் நாய்ஸ்’. ‘டி’யிலிருந்து ‘ஈ’க்குப் போகும்போது மேற்கையின் மோதிரவிரல் எழுவதும் கீழ்க்கை விரல்கள் இடம் மாறுவதும் ஒரே கணத்தில் நிகழ வேண்டும், கீழ்க்கை முந்திவிட்டால் இடையே கீழ் ‘ஏ’ எட்டிப்பார்க்கும். வெட்டும் இதுவும் குறுகிய இடையொலிகளே என்றாலும், முன்னது வேண்டிச் செய்வது, பின்னது பிழை. இதைக் ‘குறுக்கொலி’ என்றால் இரண்டும் குழம்பா.

கடைசியாக, சாண்டருக்குள் அதிர்ந்து ஒலி எழுப்பும் இரட்டை நாக்குக்குச் ‘சீவாளி’ என்பது சரியே. ட்ரோனுக்குள் இருப்பது மகுடியில் போல ஒற்றை நாக்கு என்பதால் அதற்கும் அச்சொல்லை நீட்ட வேண்டாம், ‘நாக்கு’ என்றே குறிக்கலாம். ‘வெட்டு’ என்று மட்டும் நிறுத்துவதா, ‘வெட்டுச் சுரம்’ என்று பட்டியலில் இடுவதா என்பதில் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன். அதற்குத் தனிக் கால அளவு இல்லை என்பதால் ‘சுரம்’ வேண்டாம் என்ற பக்கமே நான் சாய்கிறேன்.

அன்புடன்.